ஓட்டை போட்ட டம்ளர்

கோதண்டபாணி சென்ற மார்கழியில் காலமானார். வயது ஐம்பத்தேழு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் ஒரே வேலை பார்த்தார். சங்கத்தில் பதவி வகித்ததில்லை. கட்சிக் கொடி பிடித்ததில்லை. அவரைப் பற்றிச் சொல்லும்படியாக இருப்பது, 2008-ம் வருடம் புரட்டாசியிலும் ஐப்பசியிலுமாகச் சில வாரங்கள், காலையில் மனைவிக்குப் பழத்தை அரைத்துக் கொடுத்தது.

பட்டறையில் அவர் வேலை களிமண் கரைசல் தயாரிப்பது. ஸ்லிப் என்பார்கள். வெள்ளைக் களிமண்ணையும் கல்மாவையும் தண்ணீரோடு உருளை மில்லில் அரைத்து, சல்லடையில் வடித்து, பொம்மை வார்க்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கரைசல் மையாக இருக்க வேண்டும். அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் புக வேண்டும். ஓடுவதற்காகத் தண்ணீரை ஊற்றிவிடவும் முடியாது. அச்சு ஊறிப்போகும், பொம்மை நிற்காது. அதற்கென்று சிலிக்கேட் என்ற திரவம் உண்டு. ஒரு தொட்டிக்கு ஒன்றிரண்டு கரண்டி போதும். தயிராக நிற்பது மோராக ஓடும்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அடியில் ஓட்டை போட்ட ஒரு கப் வைத்திருப்பார்கள். கரைசலை நிரப்பி, ஓட்டையை அடைத்த விரலை எடுத்து, காலியாக எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். இருபத்தெட்டு வந்தால் வார்க்கலாம். நிர்வாகம் அதற்கு ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தது. அது மேசை டிராயரில் கிடந்தது. கோதண்டபாணி வாய்க்குள்ளேயே எண்ணினார்.

ஆவணி கடைசியில் ஒரு காலை அவர் மனைவி ராஜாம்பாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் மூக்கில் டியூப் வைத்து அதன் வழியாகத்தான் ஆகாரம். அந்த டியூபை அவள் இரண்டு முறை இடது கையால் பிடுங்கி எறிந்தாள். மூன்றாம் முறை பிடுங்காமலிருக்க, இடது கையைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். கோதண்டபாணி அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டியூபை எடுத்துவிட்டார்கள். "பழம், பால், பருப்பு எதுன்னாலும் மிக்சியில போட்டு மையா அரைங்க. இட்லி மாவு பதம் இருக்கணும். நிமிர்ந்து உக்கார வச்சு, தலைய குனியச் சொல்லி, ஸ்பூனால கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்று நர்ஸ் சொன்னாள். ஒரு முறை செய்தும் காட்டினாள்.

கோதண்டபாணி அதுவரை வீட்டில் அடுப்பு பற்றவைத்ததில்லை. ராஜாம்பாள் விட்டதில்லை. மிக்சி ஜாரை எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு கிரேசிதான் காட்டிக் கொடுத்தாள். கிரேசி வீட்டிலேயே தையல் தைப்பவள்; அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் ராஜாம்பாளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் கரண்ட் காலை ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்கு வந்தது. எட்டு மணிக்கு அவர் பட்டறையில் இருக்க வேண்டும். ஆகவே காலை ஆகாரத்தை ஆறு மணிக்கு முன்னால் அரைத்தாக வேண்டும். ஐந்தே முக்காலுக்கு இரண்டு பூவன் பழம், விதை எடுத்த பப்பாளி ஒரு கீற்று, முதல் நாள் ஊறவைத்த முந்திரி எட்டு, நாட்டுச் சர்க்கரை, காய்ச்சி ஆறிய பால் கால் லிட்டர், வறுத்துப் பொடித்த அவல் மாவு மூன்று கரண்டி. ஏழு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

"இதுக்குப் பேரு என்னாண்ணே?" என்றாள் கிரேசி.

"பேரு எதுக்கு? அரைச்சது."

நர்ஸ் சொன்ன பதத்தில் நான்கு நாள் கொடுத்தார். ஒரு டம்ளர் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. ராஜாம்பாள் களைத்துப் போனாள். ஐந்தாம் நாள் கோதண்டபாணி தன் அனுபவத்தை நம்பினார். கெட்டியாக இருப்பதுதான் கோளாறு. தொண்டை என்பது ஒரு குழாய். குழாயில் ஓடுவதைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவல் மாவை நிறுத்தினார். பாலைக் கூட்டினார். புதிதாக ஒரு மெல்லிய சல்லடை வாங்கி இரண்டு முறை வடித்தார். விரலில் எடுத்து ஓடவிட்டுப் பார்த்தார். இருபத்தெட்டு விநாடிக் கரைசல் போலவே ஓடியது.

பத்து நிமிடத்தில் டம்ளர் காலி. ராஜாம்பாள் லேசாக இருமினாள், அவ்வளவுதான். குடித்த பிறகு அவள் குரலில் ஈரம் தட்டியது. கோதண்டபாணி அதைச் சளி என்று நினைத்தார். மூன்று நாள் சந்தோஷமாக வேலைக்குப் போனார். நான்காம் நாள் அவளுக்குக் குளிர் ஜுரம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பால் நுரையீரலுக்குப் போயிருந்தது.

எட்டு நாள் படுக்கை. மறுபடி மூக்கில் டியூப். மறுபடி இடது கையில் கட்டு.

"என்னா குடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் சொன்னார். சல்லடையைப் பற்றியும் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போதே தன் குரலில் பெருமை இருந்ததை உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "தொண்டையில ரெண்டு வழி இருக்குதுங்க. ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு மூச்சுக்கு. முழுங்கறப்ப மூச்சு வழிய ஒரு மூடி மூடிக்கும். இவங்களுக்கு அது லேட்டா மூடுது. தண்ணியா இருக்கறது, அது மூடறதுக்குள்ள ஓடிடுது."

"எத்தன செகண்டு லேட்டுங்க?"

அதுவரை யாரும் டாக்டரம்மாவிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார். "ஒரு செகண்டு கூட இருக்காது."

கோதண்டபாணி தலையாட்டினார். அவருக்கு அது போதும். வாழ்நாளெல்லாம் ஓட வைக்கக் கற்றவர், இப்போது நிற்க வைக்க வேண்டும்.

டியூபை எடுக்கும்போது டாக்டரம்மா நிபந்தனை சொன்னார். இப்போது எடை நாற்பத்திரண்டு கிலோ. மூன்று வாரம் வாய் வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம். நாற்பத்தொன்றுக்குக் கீழே இறங்கினாலோ, மறுபடி ஜுரம் வந்தாலோ, பாண்டிச்சேரிக்கு அனுப்பி வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாக டியூப் வைத்துவிட வேண்டியதுதான். ராஜாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்குத் தெளிவாகச் சொல்ல வந்த சில சொற்களில் ஒன்றைச் சொன்னாள்.

"வேணாம்."

அன்று சாயங்காலம் கோதண்டபாணி கடைத்தெருவில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, லேத்துப் பட்டறை பழமலையிடம் கொடுத்தார்.

"அடியில ஓட்ட போடணும். அஞ்சு எம்.எம்."

"புது டம்ளர்லயா?"

"புதுசுலதான்."

"வூட்டுல தண்ணி குடிக்கவே உடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார் பழமலை. சொல்லிக்கொண்டே டம்ளரைக் கவிழ்த்து டிரில்லைப் பிடித்தார்.

மிகக் கெட்டியிலிருந்து ஆரம்பிப்பது என்று கோதண்டபாணி தீர்மானித்தார். பட்டறையில் ஒரு தொட்டி கெட்டால் கொட்டிவிட்டு வேறு போடலாம். இங்கே முடியாது. நர்ஸ் காட்டிய பதத்தை நினைவிலிருந்து அரைத்து, டம்ளரில் விட்டு எண்ணினார். நூற்றிருபது விநாடி. அதற்குக் கீழே ஒரு விநாடியும் இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார். பப்பாளி நீர்விட்டிருந்தால் அவல் மாவு அரைக் கரண்டி கூடும். பழம் காய்வெட்டாக இருந்தால் குறையும். நூற்றிருபது வந்த பிறகே ஸ்பூனை எடுத்தார்.

ஆனாலும் எடை இறங்கியது.

எடை பார்க்க அவரே ஒரு வழி வைத்திருந்தார். மருந்துக்கடையில் இரவல் வாங்கிய எடை மிஷினில் முதலில் தான் ஏறி நிற்பார். பிறகு ராஜாம்பாளைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். கழித்துக்கொள்வார். முள்ளைப் படித்துச் சொல்வது கிரேசி.

"கல்யாணத்தன்னிக்குக் கூட இப்டித் தூக்கியிருக்க மாட்டீங்க" என்றாள் கிரேசி.

"ஆடாம படி."

"நான் எங்க ஆடுறேன்? நீங்கதான் ஆடுறீங்க. அக்கா, கெட்டியா புடிச்சிக்க."

ராஜாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. அன்று ஒன்பதாம் நாள். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. இன்னும் இருநூறு கிராம் இறங்கினால் பாண்டிச்சேரி.

சாப்பாட்டில் ஒரு முறைமை தெரிந்தது. கோதண்டபாணி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தார். டம்ளரில் முதல் பாதி தடையில்லாமல் இறங்குகிறது. இருமல் இல்லை. பாதிக்கு மேல் இருமல் வருகிறது. அதோடு, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இடது கையால் அவர் கையைத் தள்ளுகிறாள். வற்புறுத்தி ஊட்டினால் இருமல் இன்னும் கூடுகிறது. காலையில் மட்டும் என்றில்லை, மூன்று வேளையும் இதுதான். களைப்பு என்றாள் கிரேசி. தொண்டைச் சதை களைத்துவிடுகிறது போலும் என்று அவரும் நினைத்தார். பாதியில் நிறுத்தி, இருபது நிமிடம் இடைவெளி விட்டுக் கொடுத்துப் பார்த்தார். இருமல் அதிகமானது. களைப்பு என்றால் ஓய்வுக்குப் பிறகு குறைய வேண்டும். அது அவருக்குக் கணக்கில் வரவில்லை.

மகள் வேல்விழி ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"லீவு போட்டு வரட்டாப்பா?"

"வந்து என்னா பண்ணப் போற? நான் பாத்துக்கறேன்."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் காலை நான்காவது ஸ்பூனிலேயே ராஜாம்பாள் கையைத் தள்ளினாள். ஸ்பூன் எகிறி அவர் சட்டையில் பட்டுத் தரையில் விழுந்தது. பட்டறைக்குப் போகும் சட்டை. கோதண்டபாணி அதைத் துடைக்கவில்லை.

"என்னாதான் வேணும் ஒனக்கு? திங்க மாட்டேன்னா வயித்துல ஓட்ட போட்டுடுவாங்க. அப்பத் தெரியும்."

ராஜாம்பாள் அழவில்லை. தரையில் கிடந்த ஸ்பூனையே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி ஸ்பூனைப் பார்த்தாள்.

கிரேசி வந்து, "நீங்க கெளம்புங்கண்ணே, மிச்சத்த நான் மெதுவா குடுக்கறேன்" என்றாள். எட்டு மணி ஷிப்ட். அவர் கிளம்பிவிட்டார். பாதி வழி போனவர், பேசிய பேச்சு பொறுக்காமல் திரும்பி வந்தார். அதற்குள் கிரேசி வேறு ஸ்பூனால் ஊட்டிப் பார்த்திருந்தாள். பாதி டம்ளருக்கு இருமல் வந்துவிட்டதால் நிறுத்தி, மீதியை மூடி வைத்திருந்தாள்.

மீதியைக் கொட்டுவதற்கு எடுத்தார். பட்டறையில் மிஞ்சிய கரைசலை அளக்காமல் தொட்டியில் திருப்பி ஊற்றுவதில்லை. மிஞ்சியதை அளக்கும் பழக்கம் கையில் இருந்தது. ஓட்டை டம்ளரில் விட்டு விரலை எடுத்தார். முப்பத்தொன்றில் காலியாகிவிட்டது. பாதி டம்ளர்தான் என்றாலும் அறுபதாவது வந்திருக்க வேண்டும்.

ஓட்டையைப் பார்த்தார். அடைப்பு, கசிவு ஒன்றும் இல்லை. மிக்சி ஜாரின் அடியில் அதே காலையில் அரைத்தது கொஞ்சம் ஒட்டியிருந்தது. வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அளக்கவே வேண்டாம். அசையவில்லை. அரைத்தபோது இருந்ததைவிட இறுகியிருந்தது.

ஒரே பழம், ஒரே பால், ஒரே மாவு. ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது.

"இதுல தண்ணி ஊத்தினியா, கிரேசி?"

"நான் ஏன் ஊத்தறேன்?"

"பால்?"

"சத்தியமா எதுவும் ஊத்தலண்ணே."

கோதண்டபாணி சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் சேராமல் கரைசல் ஓடுகிறது என்றால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது. கொஞ்சமாக விழுந்திருக்கிறது. சிலிக்கேட் போல. இங்கே என்ன விழும்? யார் போட்டது? டம்ளருக்குள் போய் வருவது ஒன்றே ஒன்றுதான். அது ராஜாம்பாளின் வாய்க்குள் போய், திரும்ப டம்ளருக்குள் வருகிறது. முப்பது தடவை, நாற்பது தடவை.

எழுந்து அறைக்குள் போனார். தரையில் கிடந்த ஸ்பூனை எடுத்து ராஜாம்பாள் முன்னால் பிடித்தார்.

"இதுவா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்பதற்கு அவள் வைத்திருந்த அடையாளம் அதுதான்.

ராஜாம்பாள் வீட்டில் யாரும் டம்ளரை உதட்டில் வைத்ததில்லை. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். குழம்பு ருசி பார்த்தால் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றித்தான் பார்ப்பாள். சாப்பிட்ட கையால் சோற்றுப் பானையைத் தொட்டால் அந்தப் பானைச் சோறு முழுக்க எச்சில். வேல்விழி சின்ன வயதில் ஊறுகாய் ஜாடிக்குள் நக்கிய ஸ்பூனை விட்டதற்கு முதுகில் வாங்கியிருக்கிறாள். அந்தப் பொம்பளையை உட்கார வைத்து, வாயில் விட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்ப ஆகாரத்தில் முக்கி, எச்சிலை அவளுக்கே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நோயாளிக்கு எச்சில் ஏது என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள்.

"பதினோரு நாளா இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தியா?"

ராஜாம்பாள் கண்ணை மூடித் திறந்தாள். இந்த முறை மூடியது கொஞ்சம் அதிக நேரம். அப்படி ஒரு பார்வையை அவர் கல்யாணமான நாளிலிருந்து அறிவார். மளிகைச் சாமானில் பாதியை மறந்துவிட்டு வரும்போது கிடைப்பது.

வாசலில் நின்ற கிரேசி, "நாங்க ரெண்டு பேரும் மாடு மாதிரி நின்னுருக்கோம், அக்கா" என்றாள்.

அன்று கோதண்டபாணி வேலைக்குப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொல்லாமல் எடுத்த முதல் லீவு. எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் மறுபடி அரைத்தார். நூற்றிருபது. ஜாரிலிருந்து ஒரு கரண்டியால் சின்னக் கிண்ணத்துக்கு இரண்டு வாய் மட்டும் எடுத்தார். ஒரு வாய்க்கு ஒரு ஸ்பூன்; வாயில் விட்டது மறுபடி கிண்ணத்துக்குள் போகவில்லை. இரண்டு வாய்க்கு ஒரு முறை கிண்ணத்தையும் ஸ்பூன்களையும் மாற்றினார். கிரேசி ஒரு வாளித் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு கழுவிக் கழுவிக் கொடுத்தாள். நாற்பது நிமிடம் ஆனது. ஜார் காலியானது. ராஜாம்பாள் முகத்தைத் திருப்பவில்லை. இருமவும் இல்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவளைச் சாயவிடாமல் உட்கார வைத்து, அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் ஈரம் இருக்கிறதா என்று தெரிய அவளைப் பேசவைக்க வேண்டும்.

"ஏதாவது சொல்லு."

அவள் யோசித்தாள். "சட்ட" என்றாள். குழறினாலும் குரல் காய்ந்திருந்தது. சட்டையில் காலையில் சிந்தியது அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். எச்சிலில் மாவை உடைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, அவல் மாவு அதில் இளகிவிடும், முந்திரியும் பழமும் அவ்வளவு இளகாது என்று வேல்விழி விளக்கினாள். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான் என்றாள். படித்ததை முன்பே சொல்லியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. "அப்ப முந்திரிய கூட்டி மாவ கொறைக்கிறேன்" என்றார். விருத்தாசலத்தில் முந்திரிக்குப் பஞ்சமில்லை.

மீதிப் பத்து நாளும் அதே நேரம், அதே அளவு. அவர் ஐந்து மணிக்கே எழுந்தார். கரண்ட் போவதற்குள் இரண்டு ஜார். ஒன்று காலைக்கு, ஒன்றை மூடித் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கிப் பத்து மணிக்குக் கிரேசி கொடுக்க. இடையில் ஒரு நாள் ராஜாம்பாளுக்கு லேசாக உடம்பு சுட்டது. சாயங்காலம் தணிந்துவிட்டது. எடை மிஷினைக் கடைக்காரர் திருப்பி வாங்கிப் போய்விட்டதால் எவ்வளவு ஏறியது, ஏறியதா என்றே தெரியவில்லை. தூக்கும்போது கனம் கூடியிருப்பது போலத் தோன்றும். தோன்றுவதை அவர் நம்புவதில்லை.

டாக்டரம்மா சொன்ன நாள் வந்தது. காலையில் கிரேசி ஒரு யோசனை சொன்னாள்.

"ரெண்டு டம்ளரு குடுத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணே. கால் கிலோ கூடக் காட்டும்."

"போன தடவ வெறும் வயித்துல பாத்தாங்க. இப்பவும் வெறும் வயித்துலதான் பாக்கணும்."

"நாப்பத்தொண்ணுக்குக் கொறஞ்சா?"

அவர் அரைத்ததை ஒரு தூக்கில் ஊற்றி மூடினார். கிண்ணம், ஸ்பூன்கள், ஒரு பாட்டில் தண்ணீர். ஆட்டோ வந்தது.

டாக்டரம்மா வர பத்து மணி ஆகிவிட்டது. நர்ஸும் ஆயாவும் ராஜாம்பாளைத் தாங்கி, நாற்காலியோடு இருந்த எடை மிஷினில் உட்கார வைத்தார்கள். கோதண்டபாணி அறைக்கு வெளியே நின்றார். உள்ளே போகலாம் என்று சொன்னார்கள். போகவில்லை.

நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். முன்பக்கம் கேட்டார், முதுகுப் பக்கம் கேட்டார். "சுத்தமா இருக்குது. டியூப் வேணாம். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்த கோதண்டபாணி, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். சக்கர நாற்காலியை எதிரில் நிறுத்தியிருந்தார்கள். ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். சீட்டை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

ராஜாம்பாள் இடது கையை நீட்டி அவர் முழங்காலைத் தட்டினாள்.

"பசிக்குது."

விழுந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை. கொடுத்தார்கள், தின்றாள் அல்லது தள்ளினாள். கோதண்டபாணி தூக்கின் மூடியைத் திறந்தார். அரைத்து நாலு மணி நேரமாகிவிட்டது. சாய்த்துப் பார்த்தார். நின்றது. பெஞ்சில் இருந்த இரண்டு மூன்று பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கிண்ணத்தில் இரண்டு வாய் எடுத்தார்.

"தலைய குனி" என்றார்.